சிமிலி முதல் ஐரனி வரை: ஆங்கில வகுப்பின் திருப்புதலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்புதல் வகுப்பு தொடங்கினால் போதும், போன ஆண்டு கேட்ட அதே சந்தேகங்கள் இந்த ஆண்டும் வரிசையில் வந்து நிற்கின்றன. கேட்பவர்கள் மட்டும்தான் வேறு. கரும்பலகையில் எழுதி எழுதி அழித்து அலுத்துப்போய், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். குழப்பத்தில் பாதி எங்கிருந்து வருகிறது என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது. தமிழ் வகுப்பில் படித்த அணியின் பெயரை ஆங்கிலப் பெயரோடு ஒட்டவைத்துவிட்டு, இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், எந்தச் சொல் என்று காது சொல்லிவிடும்.

‘போல’ வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். அவ்வளவுதானே?

முக்கால்வாசி சரி. ‘லைக்’, ‘ஆஸ்’ போன்ற சொல் வெளிப்படையாக நின்று ஒப்பிட்டால் சிமிலி, நம் உவமை. ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இதுவேதான் அது என்று சொன்னால் மெட்டஃபர், நம் உருவகம். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலே இந்த வேறுபாடு வந்துவிடும். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம்.

மீதிக் கால்வாசியில்தான் வழுக்கும். ‘அவள் தன் அம்மாவைப் போல நடக்கிறாள்’ என்பதில் ‘போல’ இருக்கிறது, சிமிலி இல்லை. மனிதரை மனிதரோடு சேர்த்துப் பார்ப்பது வெறும் ஒப்பீடு. ‘அவள் வாத்தைப் போல நடக்கிறாள்’ என்றால் சிமிலி. இனத்தால் வேறான இரண்டு பொருள்கள் ஏதோ ஒரு குணத்தில் சந்திக்க வேண்டும். இன்னொன்று: ‘ஐ லைக் ரெயின்’ என்ற வாக்கியத்தில் ‘லைக்’கை அடிக்கோடிட்டு சிமிலி என்று எழுதிய தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் என் கைக்கு வருகின்றன. அங்கே அது ‘பிடிக்கும்’ என்ற வினைச்சொல்.

சிமிலியைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதிவிட்டேன். இருந்தும் ஏன் பாதி மதிப்பெண்தான்?

ஏனென்றால் நீங்கள் சொன்னது அதன் பெயரை மட்டும்தான். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘தேர்வறையில் அமைதி ஈரத்துணியைப் போலத் தொங்கியது.’ இதற்கு வழக்கமாக வரும் விடை, ‘இந்த வரியில் சிமிலி உள்ளது, அது வரிக்கு அழகு சேர்க்கிறது’ என்பது. இந்த விடையை உலகத்தின் எந்தச் சிமிலிக்கும் எழுதலாம். ஆகவே இந்தச் சிமிலியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரத்துணிக்குக் கனம் உண்டு. அது காற்றில் படபடக்காது. தொட்டால் சில்லென்று இருக்கும், முகத்தில் பட்டால் மூச்சு முட்டும். இவற்றில் எவையெல்லாம் அமைதியின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன? கனம், அசைவின்மை, மூச்சுமுட்டல். அப்படியானால் இது நிம்மதியான அமைதி இல்லை; உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை அழுத்துகிற அமைதி. அதே இடத்தில் ‘பட்டுத்துணியைப் போல’ என்று எழுதியிருந்தால் அறையே மாறிப்போயிருக்கும். மீதி மதிப்பெண் இந்த மூன்று நான்கு வாக்கியங்களுக்குத்தான்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற திறனாய்வாளர் 1936இல் மெட்டஃபரைப் பிரித்துப் பார்க்க இரண்டு பெயர்களைக் கொடுத்தார். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது டெனர், எதன் மேல் ஏற்றிச் சொல்கிறோமோ அது வெஹிகிள். நாம் உவமேயம், உவமானம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருவதற்குப் பக்கத்தில் வருகிற பெயர்கள் இவை. எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் வேலை ஒன்றே: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன கடந்து போகிறது என்று எழுதுவது.

பெர்சானிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணிதானே?

இல்லை. மிக அதிகமாக ஒட்டவைக்கப்படும் தவறான ஜோடி இதுதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில்மேல் கொடிகள் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘இங்கே வராதீர்கள்’ என்று அவை கைகாட்டி மறிப்பதைப் போலிருந்தது என்கிறார் இளங்கோவடிகள். கொடி அசைந்தது காற்றினால். அந்த இயல்பான நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஒரு காரணமாக ஏற்றுகிறார். அதனால் அது தற்குறிப்பேற்றம்.

பெர்சானிஃபிகேஷனுக்குக் காரணமெல்லாம் வேண்டாம். உயிரற்ற பொருளுக்கோ கருத்துக்கோ மனிதச் செயலைக் கொடுத்தாலே போதும். ‘விடியல் சோம்பல் முறித்தது’ என்றால் முடிந்தது. கொடிகள் கைகாட்டுவதில் பெர்சானிஃபிகேஷனும் இருக்கிறது, மேலே ஒரு கற்பனைக் காரணமும் இருக்கிறது. சோம்பல் முறிக்கும் விடியலில் அந்தக் காரணம் இல்லை. இன்னொரு பெயரும் வகுப்பில் காதில் விழும்: பதெட்டிக் ஃபாலசி. மனிதரின் மனநிலையை இயற்கையும் பகிர்ந்துகொள்வதாக எழுதுவது. ஜான் ரஸ்கின் 1856இல் இதைக் குறைசொல்லும் பெயராகத்தான் உருவாக்கினார். இன்று குறை என்ற எண்ணமில்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

அலிட்டரேஷன் என்பது மோனை. அப்படியானால் ரைம் என்பது எதுகை, சரியா?

முதல் பாதிக்கு ஏறக்குறைய ஆம், இரண்டாவது பாதிக்கு இல்லை. எதுகையில் ஒன்றி வருவது இரண்டாம் எழுத்து. ரைமில் ஒன்றி வருவது சொல்லின் இறுதி ஓசை. அடிகளின் கடைசியில் ஓசை ஒன்றி வருவதற்கு நம்மிடம் இயைபு என்று தனிப் பெயரே இருக்கிறது. ரைமுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டியது அதைத்தான்.

மோனையிலும் ஒரு சிறு எச்சரிக்கை. தமிழில் சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம். ‘மலையும் வானமும்’ என்றால் மோனை உண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது, அதே ஓசை வர வேண்டும். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஓசையைக் கேளுங்கள். ‘சிட்டி’, ‘கார்’ இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன; அலிட்டரேஷன் இல்லை. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன, அலிட்டரேஷன் உண்டு.

இரண்டு சொல்லும் ஒரே எழுத்துகளில் முடிகின்றன. ஆனாலும் ரைம் இல்லை என்கிறார் ஆசிரியை. ஏன்?

மேலே சொன்ன அதே காரணம்தான்: காது. ‘லவ்’, ‘மூவ்’ என்ற சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்துகளில் முடிகின்றன. தமிழில் எழுதியவுடன் வேடம் கலைந்துவிட்டது பாருங்கள். இப்படிக் கண்ணுக்கு மட்டும் பொருந்துவதற்கு ஐ ரைம் என்று பெயர். எதிர்ப்பக்கத்தில் ‘ப்ளூ’, ‘ஷூ’, ‘த்ரூ’, ‘டூ’ நான்கும் நான்கு விதமாக எழுதப்பட்டாலும் ரைம்தான்.

ரைம் ஸ்கீம் எழுதும்போதும் இதே விதி. முதல் அடியின் ஓசைக்கு ஏ, புது ஓசை வந்தால் பி, பழையது திரும்பினால் பழைய எழுத்து. ஷேக்ஸ்பியர் வகைச் சானெட்டின் 14 அடிகளை எழுதினால் ஏபிஏபி, சிடிசிடி, இஎஃப்இஎஃப், ஜிஜி என்று வரும். கடைசி இரண்டு அடிகள் மட்டும் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்வதால், பேச்சு அங்கே திரும்புகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டிலும்தான் ரைம் இல்லை. பிறகு எதற்கு இரண்டு பெயர்?

பிளாங்க் வெர்ஸில் ரைம் இல்லாவிட்டாலும் தாளக்கட்டு உண்டு. பெரும்பாலும் அடிக்கு ஐந்து அழுத்தங்கள் கொண்ட ஐயாம்பிக் பென்டாமீட்டர். ஃப்ரீ வெர்ஸில் ரைமும் நிரந்தரமான தாளமும் இல்லை, புதுக்கவிதையைப் போல. மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் ஐந்து தட்டு விழுந்தால் பிளாங்க்.

சினானிம் என்றால் ஒரே பொருள். அப்படியானால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் என்ன?

‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டுக்கும் பெரிய என்றுதான் பொருள். ‘மை பிக் சிஸ்டர்’ என்றால் அக்கா. ‘மை லார்ஜ் சிஸ்டர்’ என்றால் அக்கா உங்களோடு பேசமாட்டார். சினானிம் என்பது அக்கம்பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை.

இரண்டு விதத்தில் அவை பிரியும். ஒன்று, சொல்லோடு ஒட்டியிருக்கும் மணம். சிக்கனக்காரர், கஞ்சர் இருவரும் செய்யும் செயல் ஒன்றே, செலவைக் குறைப்பது. முதல் சொல் பாராட்டு, இரண்டாவது வசை. ஆங்கிலத்தில் ‘த்ரிஃப்டி’, ‘ஸ்டிஞ்சி’. அகராதிப் பொருளுக்கு டினோட்டேஷன் என்றும், இந்த மணத்துக்குக் கனோட்டேஷன் என்றும் பெயர். இன்னொன்று, சேர்க்கை. பலமாக மழை பெய்தால் ‘ஹெவி ரெயின்’, பலமாகக் காற்று அடித்தால் ‘ஸ்ட்ராங் விண்ட்’. மாற்றிப் போட்டால் இலக்கணம் இடிக்காது, காது இடிக்கும்.

பீட்டர் மார்க் ரோஜெட் 1852இல் தன் தெசாரஸை வெளியிட்டபோது அதைச் சொற்களின் நிகர்மாற்றுப் பட்டியலாக அமைக்கவில்லை. கருத்துகளின் அடிப்படையில் சொற்களைக் குழு குழுவாக அடுக்கினார். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லைப் பொறுக்கி எடுப்பவரை முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடலாம்.

ஆன்டனிம் கேட்டால் முன்னால் ‘அன்’, ‘இன்’ என்று ஏதாவது சேர்த்தால் போதாதா?

சில நேரம் போதும். எந்த முன்னொட்டு வரும் என்பதில்கூடப் புணர்ச்சி விதியைப் போன்ற ஓர் ஒழுங்கு உண்டு. மரம், கள் சேர்ந்தால் மரங்கள் என்று மெல்லெழுத்து மாறுகிறதல்லவா? அதுபோல ‘இன்’ என்பது ‘பாசிபிள்’ முன்னால் ‘இம்’ ஆகிறது, ‘லீகல்’ முன்னால் ‘இல்’, ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’.

ஆனால் பொறிகள் இருக்கின்றன. ‘இன்ஃபேமஸ்’ என்றால் புகழில்லாதவர் இல்லை, கெட்ட பெயரால் ஊரறிந்தவர். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றும். ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதுவேதான். அங்கே உள்ள ‘இன்’ எதிர்மறை கிடையாது. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது என்று எழுதிவிடாதீர்கள். விலைமதிப்பற்றது என்று நாம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ‘அற்ற’ இருக்கிறது, பொருளோ நேர்மாறு.

ஹோமோஃபோன், ஹோமோகிராஃப், ஹோமோனிம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படி நினைவு வைப்பது?

வேரைப் பாருங்கள், எல்லாம் கிரேக்கம். ‘ஹோமோ’ என்றால் ஒரே. ‘ஃபோன்’ ஒலி, ‘கிராஃப்’ எழுத்து. ஆகவே ஒலி ஒன்றாக இருந்தால் ஹோமோஃபோன், எழுத்து ஒன்றாக இருந்தால் ஹோமோகிராஃப். ‘அங்கே’, ‘அவர்களுடைய’ இரண்டையும் குறிக்கும் ‘தேர்’ முதல் வகை. ‘லீட்’ என்றால் வழிநடத்து, அதே எழுத்துகளை ‘லெட்’ என்று படித்தால் ஈயம். இது இரண்டாவது வகை. ஒலியும் எழுத்தும் ஒன்றாக இருந்து பொருள் மட்டும் வேறானால் ஹோமோனிம். மட்டைக்கும் வௌவாலுக்கும் ஒரே ‘பேட்’, நம் பூமாலையும் மாலைப்பொழுதும் போல. சில பாடநூல்கள் மூன்றையுமே ஹோமோனிம் என்ற ஒரே கூரையின் கீழ் வைக்கின்றன. உங்கள் நூல் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமான ஜோடியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கும் தந்திரம் பெரும்பாலும் கைகொடுக்கும். எப்போதும் அல்ல. ஊசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’ என்று தமிழ் காட்டும். வாயில் இரண்டும் வேறு.

தெரியாத சொல்லை அகராதி பார்க்காமல் ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தவறாகிவிட்டால்?

ஆகட்டும். ஊகம் என்பது குருட்டு யோசனையாக இல்லாமல் தடயத்திலிருந்து வந்ததாக இருந்தால் போதும். ‘வீட்டில் ஓயாமல் பேசும் என் தம்பி, வகுப்பில் மட்டும் ரெட்டிசென்ட்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘மட்டும்’ என்ற சொல் ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. ஓயாமல் பேசுவதற்கு எதிர்ப்பக்கம் எது? அதிகம் பேசாதவன். அகராதியும் ஏறக்குறைய அதையே சொல்லும். முதலில் ஊகியுங்கள், பிறகு பாருங்கள். நேரே அகராதிக்குப் போனால் சொல் மனதில் தங்குவதில்லை.

தீம் என்ன என்று கேட்டார்கள். ‘நட்பு’ என்று எழுதினேன். அது தவறா?

நட்பு என்பது டாபிக், பேசுபொருள். நட்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் தீம். ஒரே பரிசுக்கு இரண்டு தோழிகள் போட்டியிடுகிறார்கள், ஒருத்தி வெல்கிறாள், மற்றவள் கைதட்டுகிறாள், ஆனால் அன்று தனியாக வீட்டுக்குப் போகிறாள். இந்தக் கதையின் தீமை ‘உண்மையான நட்பிலும் பொறாமைக்கு ஓர் இடம் இருக்கிறது’ என்று எழுதலாம். ‘தோல்வியைவிட அதை மறைப்பதுதான் கனமானது’ என்றும் எழுதலாம். கைதட்டலையும் தனிநடையையும் சான்றாகக் காட்டினால் இரண்டும் சரியான விடைகள்தான். தீம் ஒரு முழு வாக்கியமாக வர வேண்டும், அதற்குக் கதைக்குள்ளேயே ஆதாரம் இருக்க வேண்டும்.

‘பொறாமைப்படாதே’ என்பது மாரல், நீதி. அது நமக்குக் கட்டளையிடும். தீம் ஒரு பார்வையைச் சொல்வதோடு நிற்கும். நீதிக்கதை படித்து வளர்ந்ததால் எந்தக் கதையைக் கண்டாலும் கடைசியில் ஒரு ‘செய், செய்யாதே’ தேடுகிறோம். எல்லாக் கதைகளும் அதற்காக எழுதப்படுவதில்லை.

‘நான்’ என்று கதை சொல்பவர் எழுத்தாளர்தானே?

குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழியின் பேச்சு. பாடியவர் கபிலர். அதனால் கபிலரே அந்தத் தோழி என்று யாரும் சொல்வதில்லை. தோழி கூற்று என்கிறோம். ஆங்கிலக் கதையிலும் ‘நான்’ என்பவர் நரேட்டர், எழுத்தாளர் படைத்த இன்னொரு பாத்திரம். அவர் பொய் சொல்லலாம், தவறாகப் புரிந்துகொள்ளலாம், பைத்தியமாகவும் இருக்கலாம்.

டோனும் மூடும் ஒன்றா?

டோன் எழுதியவரின் குரலில் இருப்பது, மூட் படிப்பவரின் மனதில் படிவது. குரல் கேலியாக இருக்க, படிப்பவருக்கு நடுக்கம் வரலாம். அப்படிப்பட்ட பத்தியைத்தான் தேர்வில் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள்.

கிளைமாக்ஸ் என்றால் கதையின் கடைசிக் காட்சிதானே?

பேச்சுவழக்கில் அப்படி ஆகிவிட்டது. குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகத்தின் அமைப்பை ஐந்து பகுதிகள் கொண்ட கோபுரமாக வரைந்தபோது கிளைமாக்ஸ் உச்சியில், அதாவது நடுவில் இருந்தது. கதை எந்த இடத்தில் திரும்பிய பிறகு பழையபடி போக முடியாதோ அதைத் தேடுங்கள்.

ஃபிளாட் கேரக்டர் என்றால் கெட்டவர், ரவுண்ட் கேரக்டர் என்றால் நல்லவரா?

குணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1927இல் ஈ.எம். ஃபார்ஸ்டர் இந்தப் பிரிவை வகுத்தபோது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பாத்திரத்தை ஃபிளாட் என்றார். நம்பும்படியாக நம்மை வியக்கவைக்கக்கூடியதை ரவுண்ட் என்றார். வில்லன் ரவுண்டாக இருப்பான், தியாகி ஃபிளாட்டாக இருப்பார்.

விளையாட்டு நாளன்று மழை பெய்துவிட்டது. இது ஐரனிதானே?

அது வெறும் துரதிர்ஷ்டம். ஐரனிக்கு ஒரு முரண் வேண்டும், அதுவும் குத்துகிற முரண். பூட்டுக் கடையின் பூட்டையே உடைத்துத் திருடினால் சூழ்நிலை ஐரனி. எதிர்பார்ப்பும் நடப்பும் ஒன்றையொன்று கேலி செய்கின்றன. தெப்பமாக நனைந்து வந்தவர் ‘என்ன அருமையான வெயில்!’ என்றால் சொல் ஐரனி. நம் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு உறவு, ஆனால் அது புகழ்வது பழிப்பது என்ற வட்டத்துக்குள் நிற்கும். சொல் ஐரனி அதைவிட அகலமானது.

மூன்றாவது, நாடக ஐரனி. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கும். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு பொற்கொல்லனிடம் நம்பிக்கையோடு பேசுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனேதான் என்பது நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அவன் மரியாதையாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் நம் வயிற்றைப் பிசைகிறது. முன்னால் பார்த்த கொடிகள் மறித்தும் அவன் ஊருக்குள் வந்துவிட்டான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்டானமியையும் சினெக்டகியையும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் மெட்டஃபர் மாதிரியே இருக்கின்றனவே?

மெட்டஃபருக்கு ஒப்புமை வேண்டும். இந்த இரண்டுக்கும் தொடர்பு போதும். உங்களுக்கு இவை ஏற்கெனவே ஆகுபெயராகத் தெரியும். ‘தலைக்கு ஒரு பழம்’ என்பது சினையாகுபெயர், உறுப்பு முழு ஆளுக்கு ஆகிவந்தது, ஆங்கிலத்தில் சினெக்டகி. ‘ஊர் சிரித்தது’ என்பது இடவாகுபெயர், இடம் அங்கிருக்கும் மக்களுக்கு ஆகிவந்தது, மெட்டானமி. தலை ஆளைப் போல இல்லை, ஆளின் பகுதி. ஊர் மக்களைப் போல இல்லை, அவர்கள் இருக்கும் இடம். சிலர் சினெக்டகியை மெட்டானமியின் ஒரு வகையாகவே எண்ணுவார்கள். சண்டை போட வேண்டாம்.

ஒரே வரியில் மூன்று அணிகள் இருந்தால் எதை எழுதுவது?

‘பசித்த அடுப்பு பாத்திரங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.’ பெர்சானிஃபிகேஷன் உண்டு, பகர ஓசையில் அலிட்டரேஷன் உண்டு, பல் என்பதைத் தீக்கொழுந்தாகக் கொண்டால் மெட்டஃபரும் உண்டு. கேள்வி ‘ஓசை நயம்’ என்று கேட்டால் ஒன்றை எடுங்கள், ‘காட்சி’ என்று கேட்டால் மற்றதை எடுங்கள். கேள்வி எதுவும் குறிக்காவிட்டால், இரண்டாம் கேள்வியில் ஈரத்துணியை வைத்துச் செய்ததைப் போல எதைப் பற்றி உங்களால் மூன்று வாக்கியம் எழுத முடிகிறதோ அதுதான் உங்கள் விடை.

எல்லாம் படித்தேன், மறுநாளே மறந்துவிட்டது. என்ன செய்வது?

மறப்பது இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885இலேயே அளந்து எழுதிவிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முன்னணியில் இருந்தார்கள்.

ஆகவே குறிப்பேட்டை மூடுங்கள். ‘மெட்டானமி’ என்று ஒரு தாளில் எழுதி, விளக்கத்துக்குப் பதில் நீங்களே ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள். வரவில்லையா, திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மூடுங்கள்.

என் கட்டுரையில் இவை எல்லாவற்றையும் சேர்த்தால் மதிப்பெண் கூடுமா?

ஒரு மாணவி ஒரே பத்தியில் ஆறு சிமிலி வைத்து எழுதி வந்தாள். பாட்டியின் கை வேரைப் போல, கண் விளக்கைப் போல, குரல் புல்லாங்குழலைப் போல என்று பாட்டி ஒரு தோட்டமாகவும் கச்சேரியாகவும் மாறிப்போயிருந்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டுக் கையை வைத்துக்கொண்டாள், மற்ற ஐந்தையும் அடித்துவிட்டாள். ‘ஏன் கை?’ என்று கேட்டேன். ‘அவர் தோட்டத்தில் குனிந்திருக்கும்போது எது கை, எது வேர் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது’ என்றாள். அதையே அடுத்த வாக்கியமாக எழுதச் சொன்னேன்.